குங்குமப்பூ: கிழங்கின் பருமன், நடுகை நெருக்கம், ஒரு பழைய போத்தல் கூலர்

2024 கார்த்திகையில் 120 கிழங்கு 217 பூத் தந்தது. அந்தக் கிழங்குகள் ஈன்ற 354 பிள்ளைக் கிழங்கும் சேர்ந்து 2025 கார்த்திகையில் தந்தது 27 பூ. திருகோணமலையில் குங்குமப்பூ பூக்குமா என்று கேட்பவருக்கு முதல் எண்ணைக் காட்டலாம். பயிரிடலாமா என்று கேட்பவருக்கு இரண்டாவதைத்தான் காட்ட வேண்டும். நடுவில் எங்கே சறுக்கியது என்பது இந்தப் பதிவு.

தொடங்குமுன் ஒரு சொல். சந்தையில் 'சஃப்ரன்' என்று கேட்டால் பாதிப்பேர் மஞ்சளை எடுத்து நீட்டுவார்கள். இலங்கையில் அந்த ஆங்கிலச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. இங்கே பேசுவது காஷ்மீரின் பம்பூரிலும் ஈரானிலும் விளைகிற, ஊதாப் பூவுக்குள் மூன்று சிவப்பு இழை வைத்திருக்கும் குங்குமப்பூவை. இந்தச் செடி மலடு. நிறமூர்த்தங்கள் மும்மடங்காக இருப்பதால் விதை பிடிக்காது. கிழங்கால் மட்டும் பெருகும். தாய்க்கிழங்கு ஒரு பருவம்தான் வாழும். அது சுருங்கித் தட்டையாகப் போக, அதன் தலையில் பிள்ளைக் கிழங்குகள் ஊறும். அந்தப் பிள்ளைகளின் நிறைதான் அடுத்த வருடத்துப் பூ.

முதல் முயற்சி: அலுமாரியில் கருகிய மொட்டு

2023 ஆவணி நடுவில் 30 கிழங்கு வந்து சேர்ந்தது. காற்றோட்டம் போதும் என்று துளை போட்ட அட்டைப் பெட்டியோடு குசினி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தது முதல் பிழை. கச்சான் அடிக்கிற காலம். அலுமாரிக்குள் பகலில் 32 பாகை, இரவில் 29க்குக் கீழே இறங்கவேயில்லை. வெளியே நித்திரை கொள்வதுபோலத் தெரிகிற அந்த மாதங்களில்தான் கிழங்குக்குள் பூமொட்டு உருவாகிறது. அதற்கு 23 முதல் 27 பாகை வரை, ஏறத்தாழ இரண்டு மாதம் வேண்டும். 30 பாகைக்குப் போனால் மொட்டுக் குறையும். உருவான மொட்டும் உள்ளேயே செத்துப்போகும்.

ஐப்பசியில் ஏசி அறையில் 20 பாகையில் வைத்தபோது முளை எல்லாவற்றிலும் வந்தது. வெள்ளை உறை 8 சென்ரிமீற்றர் நீண்டு நுனியில் பச்சை இலை எட்டிப் பார்த்தது. பூ மட்டும் இரண்டே இரண்டு. ஒரு முளையைச் சவர அலகால் நெடுக்காகக் கீறிப் பார்த்தால், இலைகளுக்கு நடுவில் அரிசி அளவு மொட்டு ஒன்று பழுப்பேறி, வெங்காயச் சருகுபோலக் காய்ந்து கிடந்தது. கிழங்கு வெறுமையாக வரவில்லை. வந்த மொட்டை அலுமாரிதான் கொன்றது.

கிழங்கு வாங்கும்போது அளவைப் படிப்பது

2024இல் 160 கிழங்கு எடுப்பித்தோம். நெதர்லாந்துக் கிழங்கு 7/8, 8/9, 9/10, 10/+ என்று தரம் பிரித்து விற்கப்படுகிறது. அந்த எண்கள் சுற்றளவு, சென்ரிமீற்றரில். இதை விட்டம் என்று நினைத்தால் பெட்டியைத் திறந்ததும் ஏமாந்துவிட்டோம் என்றுதான் தோன்றும். எங்களுக்கும் கலிப்பரை வைத்துப் பார்த்து 2.7 சென்ரிமீற்றர் வந்ததும் அப்படித்தான் தோன்றியது. 8.5ஐ 3.14ஆல் பிரித்தால் 2.7. சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். 10/+ என்றால் விட்டம் 3.2க்கு மேல்.

இறக்குமதிக்கு இரண்டு பத்திரம் முன்கூட்டியே வேண்டும்: கட்டுநாயக்காவில் உள்ள தாவரத் தடைகாப்புச் சேவையின் அனுமதி, அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழ். கிழங்கைக் கட்டிவிட்டுப் பத்திரத்துக்கு ஓடினால் பொதி சூட்டில் கிடக்கும். அலுமாரிக் கதைதான் திரும்ப நடக்கும்.

வந்ததும் தரப் பெயரை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்து மூன்று கூறாகப் பிரித்தோம். 8 கிராமுக்குக் கீழே 40 கிழங்கு, சராசரி 6.5 கிராம். 8 முதல் 12 கிராம் வரை 60 கிழங்கு, சராசரி 10. 12க்கு மேல் 60 கிழங்கு, சராசரி 15. அனுப்புகூலி, பத்திரச் செலவு எல்லாம் ஏற்றிப் பார்த்தால் சிறியது ஒன்று 210 ரூபா, நடுத்தரம் 290, பெரியது 380. மொத்தம் 48,600 ரூபா.

நிறுக்கும்போதே மேல் நார்த்தோலில் ஒரு சுற்றை உரித்துப் பார்ப்பது நல்லது. நல்ல கிழங்கு உள்ளே வெள்ளையாக, தேங்காய்ச் சொட்டுப்போல இறுக்கமாக இருக்கும். செம்பழுப்பில் குழிந்த புள்ளி இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். அது பக்கத்துக் கிழங்குக்கும் தாவும். நாங்கள் நாலு கிழங்கைக் கழித்துவிட்டு, கூடுதலாக வாங்கியிருந்ததில் இருந்து நிரப்பினோம்.

கூலரை மாற்றியது

குளிர்பானம் வைக்கிற இரண்டு கதவுக் கூலர், பழையது, 65,000 ரூபா. திருத்துநர் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "காஸ் இருக்கு தம்பி, தெர்மோஸ்ரற்தான் செத்துப்போச்சு." எங்களுக்கு அது வசதி. அந்தத் தெர்மோஸ்ரற் 10 பாகைக்கு மேல் எப்படியும் போகாது. எங்களுக்கு 25, 17, 15, 11 என்று நாலு நிலை வேண்டியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு எஸ்.ரி.சி. 1000 என்ற எண்காட்டிக் கட்டுப்படுத்தியைப் பூட்டினோம், 2,400 ரூபா. அதில் எஃப்1 வேண்டிய வெப்பநிலை, எஃப்2 வித்தியாசம், எஃப்3 கொம்பிரசர் மறுபடி தொடங்கும் தாமதம். எஃப்2ஐ 1 பாகையும் எஃப்3ஐ 5 நிமிடமும் வைத்தோம். உணரியைச் சும்மா தொங்கவிட்டால் கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் கொம்பிரசர் துள்ளும். ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலுக்குள் இறக்கிவிட்டால் அடங்கும்.

இங்கே நாங்கள் விட்ட பிழை, கொம்பிரசரை நேரே அந்தக் கட்டுப்படுத்தியின் ரிலேயில், அதாவது உள்ளே இருக்கிற சின்ன மின் ஆளியில், பூட்டியது. ரிலே 10 அம்பியர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் இரண்டு கதவுக் கூலரின் கொம்பிரசர் கிளம்பும்போது இழுக்கிற மின்னோட்டம் அதைவிடக் கூட. ஒன்பதாம் நாள் ரிலேயின் தொடுமுனை ஒட்டிப்போய், விடிய 4 பாகையில் நின்றது. கிழங்கு அப்போது நித்திரையில் இருந்ததால் தப்பியது. பிறகு நடுவில் 25 அம்பியர் தாங்கும் பெரிய ஆளி, கொன்ராக்டர் ஒன்று போட்டு, ரிலே அதை மட்டும் இயக்கும்படி மாற்றினோம். உப்புக்காற்றில் செம்பு முனைகள் ஒரு மாதத்திலேயே பச்சை பூக்கின்றன. இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் வைத்து, முனைகளில் கிறீஸ் தடவிவிட்டால்தான் நிம்மதி.

உள்ளே கணினி விசிறி ஒன்று, 12 சென்ரிமீற்றர், 600 ரூபா, நாள் முழுக்க ஓடியது. அது இல்லாத முதல் கிழமையில் கதவுப் பக்கத்துக் கிழங்குகளில் நீலப்பச்சைப் பூஞ்சணம் பிடித்தது.

பூக்க வைத்தது

புரட்டாதி முடியும்வரை கூலர் 25 பாகையில் நின்றது. கூலரை 25இல் ஓட்டுவது கேட்கச் சிரிப்பாக இருக்கும். வெளியே 33 என்றால் அதுதான் குளிர். ஐப்பசி 12 முதல் ஒரு நாளைக்கு 2 பாகை வீதம் குறைத்து 17க்குக் கொண்டுவந்தோம்.

பூக்கிற கட்டத்தில் மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பூவுக்கு வேண்டியதைக் கிழங்கே சுமக்கிறது. ஜப்பானில் ஒயிட்டா மாகாணத்துத் தக்கேடாவில் நெடுங்காலமாக இப்படித்தான் வீட்டுக்குள் தட்டுகளில் வைத்துப் பூப்பறிக்கிறார்கள். நாங்கள் எடுத்தது முட்டைத் தட்டு. ஒரு குழிக்கு ஒரு கிழங்கு, முளை மேலே பார்க்க, சாயாமல் நிற்கும். முதலில் வைத்த அட்டைத் தட்டுகள் ஈரம் இழுத்துப் பூசணம் பிடித்ததால் பிளாஸ்ரிக் தட்டுக்கு மாற்றினோம். ஈரப்பதம் 80 வீதத்தை ஒட்டி இருக்க, கீழ்த்தட்டில் ஒரு தண்ணீர்த் தட்டம்.

ஐப்பசி 31 காலை முதல் பூ. அதன்பின் பதினாறு நாள். பூ விரிந்த அன்று காலையே பறிக்க வேண்டும். மறுநாள் இதழ் தளர்ந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். பூவை இடது கையில் கவிழ்த்துப் பிடித்து, மூன்று இழையும் சேர்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே நகத்தால் கிள்ளினால் மூன்றும் ஒன்றாக வரும். இன்னும் கீழே கிள்ளினால் மஞ்சள் காம்பும் சேர்ந்து வரும். நிறை கூடும், நிறமும் மணமும் அதில் இல்லை.

எண்ணிக்கை இப்படி வந்தது. 6.5 கிராம் கூறில் 40 கிழங்குக்கு 9 பூ. 10 கிராம் கூறில் 60 கிழங்குக்கு 70. 15 கிராம் கூறில் 60 கிழங்குக்கு 147. அதில் ஒரு கிழங்கு மட்டும் ஐந்து பூத் தந்தது.

பெரிய கிழங்கு கூடப் பூக்கும் என்பது புதிதல்ல. கவனிக்க வேண்டியது, நிறைக்கு நிறை பார்த்தாலும் அது கூட என்பது. 100 கிராம் சிறிய கிழங்கு தந்தது மூன்றரைப் பூ. 100 கிராம் நடுத்தரம் கிட்டத்தட்ட 12. 100 கிராம் பெரியது 16. காசுக்குப் பார்த்தால் இடைவெளி இன்னும் அகலம்: சிறியதில் ஒரு பூவின் விலை 933 ரூபா, நடுத்தரத்தில் 249, பெரியதில் 155. மலிவென்று 7/8 வாங்குவதுதான் எல்லாவற்றிலும் விலைகூடிய வழி. 7 கிராமை எட்டாத கிழங்கு பெரும்பாலும் இலை மட்டுமே விடும். நட்டு வளர்க்க இடமும் குளிரும் உள்ளவருக்குத்தான் அது சரி.

உலர்த்தல்

ஒரு பூவின் காய்ந்த இழை ஆறு ஏழு மில்லிகிராம்தான். எங்கள் தராசு 0.01 கிராம்வரைதான் காட்டும் என்பதால் ஒரு பூவை நிறுப்பதில் அர்த்தமில்லை. இருபது இருபதாகச் சேர்த்து நிறுத்தோம். முதல் நாள் விறாந்தையில் பேப்பரில் பரப்பியது வீண். கார்த்திகை மழைக் காற்றில் காலையில் காய்ந்தது மாலையில் நமுத்துவிட்டது. பிறகு பழம் உலர்த்தும் மின்பெட்டியில் 55 பாகை, ஒரு மணித்தியாலம். வளைத்தால் ஒடிய வேண்டும். ஆறின உடனே சிலிக்கா பொட்டலத்தோடு கண்ணாடிப் போத்தலுக்குள்.

226 பூவில் 1.48 கிராம். 48,600 ரூபாக் கிழங்குக்கு ஒன்றரைக் கிராம்கூட இல்லை. சிரித்துவிட்டுத் தொடருங்கள், கிழங்கு பெருகினால்தானே கணக்கு நேராகும் என்று நாங்களும் அப்போது அப்படித்தான் நினைத்தோம்.

நட்டது: மூன்று நெருக்கம்

பூ முடிந்ததும் வேர் விடத் தொடங்கும். அதற்குமேல் மண் இல்லாமல் வைக்க முடியாது. வயலில் வழக்கம் பலவிதம். காஷ்மீரிலும் ஸ்பெயினிலும் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 50 கிழங்கு. ஈரானில் ஒரு குழிக்குப் பல கிழங்கைச் சேர்த்து நட்டு வருடக்கணக்கில் கிண்டாமல் விடுவார்கள். பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருக்கிக்கொண்டு சிறுத்துப் போகும்போதுதான் வயலை மாற்றுவார்கள். இத்தாலியின் நவெல்லிப் பக்கம் ஒவ்வொரு வருடமும் கிண்டி, தரம் பிரித்து, திரும்ப நடுகிறார்கள். கூலருக்குள் இடம் ஒவ்வொரு அங்குலமும் காசு என்பதால் 50, 100, 150 என்று மூன்று நெருக்கம் பார்த்தோம்.

பெட்டிக்கு மீன் ஏற்றுகிற ரிஜிபோம் பெட்டி ஆறு, 2,400 ரூபா. உள்ளளவு 50க்கு 40 சென்ரிமீற்றர், அதாவது 0.2 சதுர மீற்றர். ஒரு தட்டுக்கு இரண்டு பெட்டி வீதம் மூன்று தட்டு. அகலத்தில் இடித்ததால் பக்கங்களை அரை அங்குலம் சீவினோம். உயரத்தை 16 சென்ரிமீற்றருக்கு அறுத்தோம். அடியில் பத்துத் துளை. கலவை: ஆற்று மணல் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு. கிழங்கின் தலைக்குமேல் 8 சென்ரிமீற்றர் மண். வயலில் 10 முதல் 15 வரை ஆழம் போவார்கள். எங்கள் பெட்டியில் அதற்கு மேல் இடமில்லை.

பெரிய கிழங்கு மூன்று பெட்டியில் 10, 20, 30. நடுத்தரக் கிழங்கு மற்ற மூன்று பெட்டியில் அதே 10, 20, 30. சிறிய 40 கிழங்கும் ஒப்பீட்டுக்காக விறாந்தை நிழலில், கூலருக்கு வெளியே, தனிப் பெட்டியில்.

மூன்றாம் கிழமையில் இரண்டு பெட்டியில் இலை நுனி பழுத்துச் சுருண்டது. நோய் என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினோம். வடிகிற தண்ணீரை உப்புமானியில் பார்த்ததும் 2,300 காட்டியது. நல்ல பெட்டிகளில் 600. மீன் பெட்டி. ஒரு தரம் அலசினதில் ரிஜிபோமின் கண்களுக்குள் இருந்த உப்புப் போகவில்லை. பெட்டிக்கு ஐந்து லீற்றர் நல்ல தண்ணீர் இரண்டு முறை ஊற்றி வடித்ததும் புது இலை சுத்தமாக வந்தது. அந்த இரண்டும், பெரிய கிழங்கு 30 வைத்த பெட்டியும் நடுத்தரம் 10 வைத்த பெட்டியும். கீழே வரும் எண்களில் அந்த இரண்டை மட்டும் ஒரு படி குறைவாக நம்புங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் இதற்கு உதவாது. வடிகட்டிய குடிதண்ணீரே ஊற்றினோம், பெட்டிக்குக் கிழமைக்கு ஒன்றரை லீற்றர்.

வெளிச்சத்துக்கு இரண்டடி எல்.ஈ.டி. ரியூப், 9 வோட், தட்டுக்கு நாலு, நாளுக்குப் பத்து மணித்தியாலம். பகலில் 15 பாகை, விளக்கு அணைந்ததும் 11. இரண்டு நிலையும் கையால்தான் மாற்றினோம். மறந்த இரவுகள் உண்டு. 2025 மாசி 9, நாடு முழுக்கக் கரண்ட் போன அன்று கதவைத் திறக்காமலே விட்டோம். மாலையில் உள்ளே 19 பாகை. ஆறு பெட்டி ஈர மண்ணே குளிரைப் பிடித்து வைத்திருந்தது.

செருகி அளக்கிற மானியில் கூலரும் விளக்கும் சேர்ந்து நாளுக்கு 3.7 அலகு. 160 நாளில் 590 அலகு, பில்லில் கூடினது ஏறத்தாழ 27,000 ரூபா.

கிண்டியது

விறாந்தைப் பெட்டி முதலில் முடிந்தது. தை கடைசியிலேயே இலை முழுக்க மஞ்சள். 40 தாய்க்கு 51 பிள்ளை, ஒவ்வொன்றும் ஒரு கிராம் சொச்சம், புளியங்கொட்டை அளவு. எங்கள் மார்கழி இரவு 24 பாகை. இந்தச் செடிக்கு அது கோடை வந்துவிட்டது என்ற செய்தி. இலையை உதிர்த்துவிட்டு நித்திரைக்குப் போய்விடுகிறது.

கூலரில் இலை பங்குனி கடைசிவரை நின்றது. சித்திரை முடியத் தண்ணீரை நிறுத்தி, வைகாசி முதற்கிழமை பெட்டிகளைக் கவிழ்த்தோம்.

பெரிய கிழங்கு 10 வைத்த பெட்டியில் 42 பிள்ளை, 214 கிராம். அதில் 8 கிராமைத் தாண்டியவை 9. 20 வைத்த பெட்டியில் 71 பிள்ளை, 298 கிராம். 8ஐத் தாண்டியவை 8. 30 வைத்ததில் 96 பிள்ளை, 326 கிராம். தாண்டியவை மூன்றே மூன்று.

நடுத்தரத்தில் 10க்கு 28 பிள்ளை, 118 கிராம், தாண்டியவை 4. 20க்கு 49 பிள்ளை, 176 கிராம், தாண்டியவை 3. 30க்கு 68 பிள்ளை, 204 கிராம், தாண்டியது ஒன்று.

எண்ணிக்கையைப் பார்த்தால் நெருக்கி நட்ட பெட்டிதான் வென்றதுபோலத் தெரியும். கையில் அள்ளினாலும் அப்படித்தான். 96 கிழங்கு சுளகு நிறையக் கிடந்தது. தராசுதான் வேறு கதை சொன்னது. 10 வைத்த பெட்டியில் ஒரு பெரிய தாய் 21 கிராம் பிள்ளை ஈன்றது. 20இல் 15 கிராம், அதாவது தாயின் நிறையே திரும்ப வந்தது. 30இல் 11 கிராம், நட்டதைவிடக் குறைவு. ஆறு பெட்டியும் சேர்த்து நட்டது 1,500 கிராம், கிண்டியது 1,336.

பூக்கக்கூடிய கிழங்கு என்று பார்த்தால் 10 பெரிய தாய்க்கு 9 வாரிசு, கிட்டத்தட்ட ஈடு. 30 தாய்க்கு 3. முதல் வருடத்துப் பூவுக்கும் நெருக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ஏனென்றால் நடுமுன்னே பூ முடிந்துவிட்டது. வயலிலும் முதல் வருடம் நெருக்கி நட்டால் சதுர மீற்றருக்குப் பூக் கூடும், கிழங்கு கூட இருக்கிறதால். அந்தக் கூடுதலைப் பார்த்து மயங்கி அடுத்த வருடமும் அப்படியே விட்டால் இரண்டாம் மூன்றாம் வருடத்தில் கை சுடும். பருமன் இந்த வருடப் பூவைத் தீர்மானிக்கிறது. இடைவெளி அடுத்த வருடப் பருமனை.

8 கிராமைத் தாண்டிய 28ஐயும் மற்ற 326ஐயும் கூலரில் 25 பாகையில் புரட்டாதி கடைசிவரை வைத்து, முன்போலவே 17க்கு இறக்கினோம். 28இல் 27 பூ. 326இல் ஒன்றுகூட இல்லை.

செலவும், மாற்றுவதும்

கிழங்கைத் தவிர்த்த செலவு: கூலர் 65,000, கட்டுப்படுத்தி 2,400, விசிறி 600, விளக்கு பன்னிரண்டு 7,800, பெட்டி 2,400, தராசு 2,200. கூட்டினால் 80,400 ரூபா. கொன்ராக்டர் பழைய சாமான் பெட்டியில் கிடந்தது.

நெருக்கத்தைவிடப் பெரிய குற்றவாளி வெளிச்சம் என்பது எங்கள் ஐயம். 10 வைத்த பெட்டியிலும் இலை 35 சென்ரிமீற்றர் நீண்டு சரிந்தது. வெளிச்சம் போதாத இலைதான் அப்படி ஓடும். தட்டுக்கு நாலு ரியூப்பை எட்டாக்கினோம். சூடு கூடுமென்பதால் அவற்றின் மின்மாற்றிகளைக் கூலருக்கு வெளியே எடுத்துவிட்டோம்.

இரண்டாவது மாற்றம் முளையில். பெரிய கிழங்கில் உச்சி முளைகள் தவிரப் பக்கத்திலும் ஐந்தாறு முளை கிளம்பும். முளை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிள்ளை. அதனால்தான் ஒரு தாய்க்கு நாலு பிள்ளை, எல்லாம் சின்னது. இந்த முறை நடும்போது உச்சியில் இரண்டை மட்டும் விட்டுப் பக்க முளைகளைக் கத்தி நுனியால் நோண்டி எடுத்தோம். வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பல் தடவி, ஒரு நாள் காயவிட்டுத்தான் நட்டது. ஈரத்தோடு நட்டால் அழுகல் அந்த வழியாக உள்ளே போகும்.

28 கிழங்கும் இப்போது மூன்று பெட்டியில் 10, 9, 9 என்று நிற்கின்றன. 326இல் பெரியதாகப் பார்த்த 60 மற்ற மூன்று பெட்டியில் இருபது இருபதாக. சின்னதுக்கு அந்த நெருக்கம் பரவாயில்லை, இலை சிறிது. மிச்சத்துக்கு இடமில்லை, கேட்டவர்களுக்கு, இது பூக்காது என்று சொல்லித்தான் கொடுத்தோம். மீன் பெட்டிகளை இந்த முறை மூன்று நாள் நல்ல தண்ணீரில் அமிழ்த்தி, நாளுக்கொரு தரம் தண்ணீர் மாற்றி எடுத்தோம். வடிகிற தண்ணீர் 400க்கு மேல் ஏறவில்லை. வைகாசியில் கவிழ்க்கும்போது முதலில் நிறுக்கப்போவது அந்த 10 வைத்த பெட்டியை.